அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த கார்

"உங்கப்பா வண்டி ஓட்டும்போது எங்கதான் பாக்குறாரு?"

அம்மா இப்படிக் கேட்டபோது நான் காரிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். கடையிலிருந்து வீடு வரை அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன். ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பார்த்தவரை அவர் ரோட்டைத்தான் பார்த்தார். காருக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பதினாறு வயதில் வேறொருவர் கடையில் கண்ணாடி வில்லை தேய்க்கப் போனவர். பிறகு சொந்தக் கடை போட்டு, அம்மாவைப் பில் போட உட்கார வைத்தார். யாருடைய கண்ணாடியாவது கோணலாக இருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில், முன்பின் தெரியாதவர் முகத்திலிருந்து "ஒரு நிமிஷம்" என்று கழற்றி, காதில் மாட்டும் கம்பியை லேசாக வளைத்துத் திரும்ப மாட்டிவிடுவார். அந்த ஆள் திட்டுவதா நன்றி சொல்வதா என்று முழிப்பார். எனக்கு மானம் போகும். அப்பா அடுத்த ஆளின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைக்கு வருகிறவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களை அவர் சும்மா விடமாட்டார். எதிரில் உட்கார வைத்து, "என் மூக்கையே பாருங்க" என்பார். பிறகு கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டு வருவார். விரல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். தாமதமாகச் சொன்னால், "கண்ணாடி அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல டாக்டர்கிட்ட போய் கண் அழுத்தம் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். விற்பனை போனாலும் பரவாயில்லை. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவை எல்லோரும் நம்புவார்கள்.

நான் பள்ளிக்கூடம் முடித்த வருடம், பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்கினார். ரோட்டில் போட்ட கோட்டுக்குள் தானாகவே ஓடும், முன்னால் வண்டி நின்றால் தானாகவே நிற்கும் கார். "கடைக்கும் வீட்டுக்கும் போய்வர இதெல்லாம் எதுக்குங்க?" என்று அம்மா கேட்டாள். "காலத்துக்கு ஏத்த மாதிரி இருக்கணும்" என்றார். செருப்பு அறுந்தால் தைத்துப் போடுகிற மனிதர் இப்படிச் சொன்னது எங்களுக்கு அதிசயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரின் திரையில், புதிய மென்பொருள் தயார் என்று எழுத்து ஓடியது. கீழே நீளமாக என்னவோ எழுதியிருந்தது. அப்பா படிக்காமல் 'சரி' என்பதைத் தொட்டார். எல்லோரும் அப்படித்தான் தொடுகிறோம்.

ஸ்டீயரிங்குக்கு மேலே நகமளவு ஒரு கேமரா, கார் வாங்கிய நாளிலிருந்தே இருந்தது. அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அதுவரை ஸ்டீயரிங்கில் கை இருந்தால் காருக்குப் போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது கண்ணையும் பார்த்தது. ஓட்டுபவரின் பார்வை விலகினால் முதலில் 'டிங்' என்று ஒரு மணி. பிறகு ஒரு பெண் குரல், "சாலையைக் கவனிக்கவும்" என்று சொல்லும். அப்படியும் விலகினால், அந்தப் பயணம் முடியும்வரை கோட்டுக்குள் ஓட்டித் தரும் வசதியை நிறுத்திவிடும்.

அன்று மாலை அம்மாவின் தம்பி எங்களோடு வந்தார். தெரு முனை தாண்டுவதற்குள் குரல் கேட்டுவிட்டது.

"மச்சான், எங்கம்மா போனதுக்கப்புறம் உங்களைக் கேள்வி கேக்க ஆளில்லாம இருந்துச்சு. இப்ப வந்துட்டாங்க" என்றார் மாமா.

அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் 'மாமியார்' என்று பெயர். முதலில் எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்தான். ஆனால் மாமியார் ஓயவில்லை. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. போன் பாக்குறீங்களா?"

"இல்லை."

"அப்ப அதை எங்கிட்ட குடுங்க."

கொடுத்தார். போன் அம்மாவின் மடியில் இருந்தபோதும் டிங் என்றது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒருநாள் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருவரை வீட்டில் இறக்கிவிடப் போனோம். மூன்று முறை குரல் வந்தது. அந்தப் பெரியவர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை. இறங்கும்போது, "பஸ்ஸுலயே வந்திருக்கலாம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

மறுநாள் அப்பா கடையிலிருந்து ஒரு தட்டு நிறையக் கண்ணாடிச் சட்டங்களைக் காருக்குக் கொண்டுவந்தார். "கண்ணாடியில வெளிச்சம் பட்டு அடிக்குது. அதான் கேமராவுக்குக் கண்ணு தெரியல" என்றார். தடித்த சட்டம், மெல்லிய சட்டம், சட்டமே இல்லாதது, வெளிச்சம் அடிக்காத பூச்சுப் போட்டது என்று ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றியதும் அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் காரில் கோளாறு தேடியிருப்பார்கள். அப்பா தன் மூக்கின் மேல் தேடினார். எல்லாச் சட்டத்துக்கும் டிங்.

சர்வீஸ் சென்டரில் ஒரு அக்கா எங்களோடு வந்து ஓட்டிப் பார்த்தார். அவரும் கண்ணாடி போட்டிருந்தார். அவர் ஓட்டியபோது மாமியார் மூச்சுவிடவில்லை. பிறகு அப்பாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க கவனமாத்தான் ஓட்டுறீங்க. ஆனா தலையை ரொம்பத் திருப்புறீங்க."

"நாலு பக்கமும் பாத்து ஓட்டணும்மா."

"அதுக்குக் கண்ணை மட்டும் திருப்பினா போதுமே சார். நீங்க தோள் வரைக்கும் திரும்புறீங்க."

திரும்பி வரும் வழியில் அப்பா, "நேத்து வேலைக்குச் சேந்த பொண்ணு, எனக்குக் கண்ணைப் பத்திச் சொல்லுது" என்றார். குரலில் கோபம் இருந்தது. வெறும் கோபம் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. அப்டேட் வந்ததிலிருந்து அங்கே ஒரே புலம்பல். தும்மினால் திட்டுகிறது என்றார் ஒருவர். இன்னொருவருக்குப் பிறவியிலேயே சின்னக் கண்கள். 'தூங்குகிறீர்கள்' என்று கார் தினமும் சொல்கிறதாம். அவர் புகாரில் நியாயம் இருந்தது. எந்திரம் தப்பே செய்யாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்த அன்று மாலை, அப்பா கடையில் இருந்த ஒரு பொருளை வெட்டி அந்தக் கேமராவின் மேல் ஒட்டினார். என்ன பொருள், எப்படி வெட்டினார் என்று இங்கே சொல்ல மாட்டேன். மாமியார் வாயை மூடிவிட்டாள். அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் குழுவில் பேசிப் பதிவு போட்டார்.

"வணக்கம். நான் முப்பது வருஷமா கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். கண்ணைப் பத்தி எனக்குச் சொல்லித்தர்ற கேமரா இன்னும் பொறக்கல. இனிமே யாரும் இதுக்குப் பயப்பட வேண்டாம். நான் சொல்றபடி செய்யுங்க." பிறகு செய்முறையை விளக்கினார்.

அவர் குரல் அவ்வளவு நிதானமாக இருக்கும். யாருக்கும் நம்பத் தோன்றும். குழுவில் கைதட்டல் குவிந்தது. 'கண்ணாடி சார்' என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பதிவு குழுவைத் தாண்டி எங்கெங்கோ போனது. மாமாவுக்கே அது வேறொரு நண்பர் வழியாகத் திரும்பி வந்தது. "மச்சான், நீங்க ஊர் ஊராப் போறீங்க" என்றார். அப்பா வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

பிறகுதான் தபால்காரர்.

எங்கள் கடைக்கும் வீட்டுக்கும் அவர்தான் கடிதம் கொண்டுவருவார். அன்று காலை கடைத் தெருவுக்குள் கார் இடது பக்கம் திரும்பியபோது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்தார். முன்னால் மாமா உட்கார்ந்திருந்தார், நான் பின் இருக்கையில் இருந்து பார்த்தேன். அப்பா தோள் வரைக்கும் தலையைத் திருப்பி அவர் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டியை ஒடித்தார். பக்கக் கண்ணாடி அவர் தோளில் இடித்தது. சைக்கிள் சாய்ந்தது, அவர் அதன் மேல் விழுந்தார். கடிதங்கள் தெருவெல்லாம் சிதறின.

அப்பா இறங்கி ஓடினார். பெரிய காயம் இல்லை. மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது. தபால்காரர் கோபப்படவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க என்னைத் திரும்பிப் பாத்தீங்களே சார். பாத்துட்டீங்க, நிறுத்திடுவீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

அப்பா தெருவில் மண்டியிட்டுக் கடிதங்களைப் பொறுக்கினார். இடது கைக்குப் பக்கத்திலேயே கிடந்த ஒரு நீல உறையை விட்டுவிட்டு எழுந்தார். முன்னமே கடைக்கு வந்திருந்த அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவளே வந்து அந்த உறையை எடுத்தாள்.

தபால்காரரை மாமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மா கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

"கடை திறக்கிற நேரத்துல என்ன இது?"

"உக்காருங்க. என் மூக்கைப் பாருங்க."

அப்பா உட்கார்ந்தார். அம்மா கையை நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தாள். அப்பா செய்வதைப் பல வருடமாகப் பார்த்தவள், கொஞ்சமும் பிசகவில்லை. வழக்கமாக எல்லோரும் 'தெரியுது' என்று சொல்லும் இடத்தை விரல் தாண்டிவிட்டது. பிறகு அப்பாவின் காதுக்கு நேராக, பிறகு கன்னத்துக்கு நேராக.

"ம், கொண்டுவா. ஏன் நிறுத்திட்டே?" என்றார் அப்பா.

அம்மா நிறுத்தவில்லை. விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்து அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியைத்தான் துடைத்தார்.

"எப்ப இருந்துங்க?"

"காரு வாங்குறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதனாலதான் அந்தக் காரை வாங்குனேன். ரோட்டை அது பாத்துக்கும்னு நெனச்சேன். அது என்னைப் பாக்கும்னு நெனைக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கண்ணாடிக்காரனுக்கே கண்ணு போச்சுன்னா கடைக்கு யாரு வருவா?" என்றார்.

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. "எத்தனை பேரை டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். அப்பா தலை நிமிரவில்லை. என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தது அவருக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் அதையும் கவனிப்பார் என்று நின்றுகொண்டேன்.

டாக்டர் கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டதாம். போனது திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். அப்பா வருகிறவர்களிடம் சொல்லும் அதே வார்த்தைகள். வாரிசுக்கும் வரலாம் என்று எனக்கும் சோதித்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை. கார் அப்பாவைக் கவனமில்லாதவர் என்றது. அது பொய். ஓரம் தெரியாததால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்களில் யாரையும்விடக் கவனமாக அவர்தான் ஓட்டினார். ஆனால் ஏதோ சரியில்லை என்று கார்தான் முதலில் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை.

இப்போது அம்மா ஓட்டுகிறாள். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறார். அம்மா பேச்சு சுவாரசியத்தில் அவர் பக்கம் திரும்பினால் மாமியார் திட்டுகிறாள். அப்பா சிரிப்பதில்லை. கேமராவில் ஒட்டியதை அவரே சுரண்டி எடுத்தார்.

குழுவில் இரண்டாவது பதிவும் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். மூன்று தடவை ஆரம்பித்து அழித்தார். கடைசியில், "நான் சொன்னது தப்பு. எனக்குக் கண்ணு சரியில்ல, அதை மறைச்சிட்டேன். ஒட்டினதை எடுத்துடுங்க" என்று போட்டார். குழுவில் ஒருவர், "சார், உங்க போனை யாராவது திருடிட்டாங்களா?" என்று கேட்டார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பதிவு போன தூரம் இரண்டாவது போகவில்லை. போன வாரம்கூட அந்த முதல் பதிவு, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து எங்கள் மாமாவுக்கு மறுபடி வந்தது. அதே நிதானமான குரல். அப்பா அடுத்த அறையில் இருந்து கேட்டுவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் குரல் இன்னும் எங்கெங்கே பேசிக்கொண்டிருக்கிறதோ தெரியாது. அதைக் கேட்டுக் கேமராவை மூடிய யாரோ ஒருவர், இப்போது ஏதோ ஒரு தெருவில் திரும்பிக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்த ஆளைத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முப்பது வருடம் கண்ணாடிக் கடை வைத்திருப்பதாகச் சொல்லும் ஒருவரின் பதிவு உங்களுக்கு வந்திருந்தால், அது யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு இதை அனுப்புங்கள். நீங்கள் யாருக்கு அதை அனுப்பினீர்களோ, அவருக்கும்.