ஒயர் பிடித்த மாமனார்

என் மாமனார் தம் வெள்ளைக் காரின் சாவியை யார் கையிலும் கொடுக்கமாட்டார். பெற்ற மகனுக்கே இல்லை, மருமகன் எனக்கு எங்கே? அடுத்த ஊரான திருவேங்கடம் போவதானாலும் அவரே ஓட்டுவார். நான் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன். இத்தனைக்கும் சங்கரன்கோவிலில் கார் கழுவும் கடை வைத்திருப்பவன் நான். ஊரார் சாவியெல்லாம் என் கடை ஆணியில் தொங்கும். அந்த ஒரு சாவி மட்டும் அவர் மடியில்.

பெயிண்டில் விழுந்த கீறலை எடுக்கும் பாலிஷ் வேலையையும் கடையில் தொடங்கலாம் என்று அவர் மகனான என் மச்சினனும் நானும் முடிவு செய்தோம். அதோடு ஒற்றுமை முடிந்தது. நான் கேட்டது கரண்டில் ஓடும் ஒயர் மெஷின், அவன் கேட்டது பேட்டரி மெஷின்.

“ஒயர் பெயிண்டுல உரசும் அத்தான். ஒரு கீறலை எடுக்கப் போயி நாலு கீறல் விழும்.”

“தோள்ல போட்டுக்கிட்டா ஏம்ல உரசுது? உன் பேட்டரி பாதி வண்டியில படுத்துரும்.”

மெஷின் விற்பவர் இரண்டையும் ஓட்டிப் பார்க்கத் தந்தார். சோதனைக்கு மாமனார் தம் காரையே கொண்டுவந்து நிறுத்தினார். பானெட்டில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு, தீர்ப்பு அவருடையது. ஜெயித்தால் ஒருநாள் அந்தச் சாவி என் கைக்கும் வரும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

“புது மெஷினைப் பொட்டு வைக்காம தொடக் கூடாது” என்று அவர் குங்குமத்தோடு வந்தார். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மெஷினுக்கு முகம் எது என்று யோசித்து, தேய்க்கிற வட்டப் பஞ்சின் நடுவில் இரண்டு மெஷினுக்கும் தாராளமாக வைத்துவிட்டார். மச்சினனை முந்தும் அவசரத்தில் நான் பஞ்சைப் பார்க்கவில்லை. பானெட்டில் பாலிஷ் மருந்தைத் தடவி, மெஷினை வைத்து அழுத்தி, சுவிட்சைப் போட்டேன்.

வெள்ளை பானெட்டில் ரோஸ் நிறத்தில் பெரிய வட்டம்.

மாமனார் தலையில் கை வைத்தார். சாவி கிடக்கட்டும், இனி மாமியார் வீட்டுப் படியேற முடியுமா? மச்சினன் சத்தமில்லாமல் தன் பஞ்சை மாற்றிக்கொண்டு ஜம்மென்று தேய்த்தான். பாதியில் பேட்டரி படுத்துவிட்டது. ‘சொன்னேம்லா’ என்று சிரிக்கக்கூடத் தெம்பில்லை எனக்கு.

புதுப் பஞ்சு மாட்டி மெல்ல மெல்லத் தேய்த்தேன். ஒயர் தோளிலிருந்து நழுவி நழுவி பானெட் பக்கம் போனது. மாமனாருக்குப் பொறுக்கவில்லை. “இங்கன கொண்டாங்க மாப்ள” என்று அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கஞ்சி போட்ட வேட்டியோடு என் பின்னாலேயே வந்தார். கல்யாணத்தன்றுகூட நாங்கள் இவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

ரோஸ் மறைந்துகொண்டிருந்தபோது வெயில் பானெட்டில் ஏறிவிட்டது. வெயிலில் தேய்த்தால் மருந்து காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும்.

“வண்டியை நிழலுக்கு நகட்டணும் மாமா.”

அவர் கையில் இருந்த ஒயரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தரையெல்லாம் மண். கீழே போட்டால் ஒயரில் மண் ஒட்டும், அது பெயிண்டில் உரசும். மச்சினனோ சார்ஜர் மாட்டப் போயிருந்தான்.

“மடியில சாவி இருக்கு. எடுத்து நீங்களே நகட்டுங்க.”

எடுத்தேன். மெஷினைப் பஞ்சு கீழே இருக்கும்படி பானெட்டிலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். நிழல் நாலடி தூரத்தில்தான் இருந்தது. அவர் ஒயரைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார்.

ஒயர் மெஷினையே வாங்கினோம். பேட்டரிதான் வசதி என்று மச்சினன் இன்றும் சொல்கிறான். வசதிதான், யார் இல்லையென்றது? அன்று என்னிடம் பேட்டரி மெஷின் இருந்திருந்தால் மாமனாரின் கை சும்மா இருந்திருக்கும். வண்டியை அவரே ஓட்டியிருப்பார்.