வலது முட்டியில் ஒரு கட்டு

ரெத்தினம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியேதான் சாப்பிடுவார். வாசலிலிருந்து வாய்க்கால் கரை வரைக்கும் போய்வருவதற்குள் சோறு முடிந்துவிடும்.

"உக்காந்துதான் தின்னுங்களேன். சோறு என்ன எந்திரிச்சு ஓடவா போவுது?" என்பார் அவர் மனைவி காளியம்மாள்.

"சோறு ஓடாது. நான்தான் ஓடிருவேன்."

கல்யாணமான புதிதில் இதற்கு இருவருமே சிரித்தார்கள். எழுபத்து மூன்றாம் வருடத் தை மாதத்துக்குப் பிறகு காளியம்மாள் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பாபநாசத்துக்குத் தெற்கே இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவில் இருந்தது அவர்கள் தெரு. ஆணும் பெண்ணும் பண்ணை வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். காலங்காலமாகக் குடியிருந்த மனைகளுக்குச் சர்க்கார் அப்போதுதான் பட்டா கொடுத்திருந்தது. இனி யாரும் குடிசையைப் பிரித்துப் போடச் சொல்ல முடியாது என்ற தெம்பில் தெரு இளைஞர்கள் ஒரு கபடிக் குழு ஆரம்பித்து, செங்கதிர் என்று பெயர் வைத்தார்கள். கேப்டன் இராஜாங்கம். ரெத்தினத்தின் தங்கை ராமாயியைக் கட்டியவர். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஊரில் அவர்தான் தலைவர். சங்கத்தைப் போலவே குழுவுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தார். காசு கொடுத்து வெளியூர் ஆளைக் கூப்பிடுவதில்லை. காசுக்காக நம் ஆள் வெளியூர்க் குழுவுக்கு ஆடப் போவதுமில்லை. சுற்றுவட்டாரத்தில் மற்ற எல்லாக் குழுக்களும் இரண்டையும் செய்துகொண்டிருந்தன.

செங்கதிருக்குப் பாடிப் போகிறவர் ரெத்தினம். அவருக்கு மூச்சு நீளம். எதிர்க் களத்துக்குள் போய் ஒரே மூச்சில் மூலைக்கு மூலை அலைந்து, இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவார். நிற்கத் தெரியாத மனிதருக்கென்றே கண்டுபிடித்த ஆட்டம் அது என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு குறுவை அறுவடையில், தலையில் நெற்கட்டோடு வரப்பில் வழுக்கி விழுந்ததில் அவருடைய இடது முட்டிச் சில்லு விலகிவிட்டது. இராஜாங்கம்தான் காலை நீட்டிப் பிடித்து அதை அழுத்தி உள்ளே தள்ளினார். அதன் பிறகு அந்தச் சில்லுக்குப் பழக்கமாகிவிட்டது. யாராவது இடது கணுக்காலைப் பிடித்துத் திருகினால் போதும், நழுவிவிடும். இது வெளியே தெரிந்தால் ரெத்தினத்தின் ஆட்டம் முடிந்துபோகும்.

அதற்கு வழி சொன்னவர் நாகநாதன். குழுவில் மூலையில் நின்று பிடிக்கிறவர்.

"கட்டுப் போட்டுக்கிட்டே ஆடுங்க. ஆனா நல்ல கால்ல போடுங்க. கட்டு இருக்குற காலுதான் நோவுற காலுன்னு நெனச்சு அதுமேலதானே எல்லாவனும் விழுவான்?"

பழைய வேட்டியைக் கிழித்து வலது முட்டியில் கட்டினார்கள். நாகநாதன் சொன்னபடியே நடந்தது. எதிராளிகள் தேடித் தேடி வலது காலில் விழுந்தார்கள். அது புளியங்கட்டை. விழுந்த அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு ரெத்தினம் கோட்டைத் தொடுவார். ஆட்டம் முடிந்து வலியோடு வரும்போதுதான் சிக்கல்.

"மச்சான், தப்பான கால்ல நொண்டுறீங்க" என்று இராஜாங்கம் காதோரம் சொல்வார். ரெத்தினம் உடனே காலை மாற்றி நொண்டுவார். தெருவுக்குள் வந்த பிறகு அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

குத்தாலத்தில் நடந்த ஒரு போட்டியில் அவர் ஆட்டத்தை ஹாஜா மைதீன் பார்த்தார். அரிசி மில் முதலாளி. கபடி என்றால் உயிர். மில் பெயரில் ஒரு குழு வைத்து நடத்தினார். ஆட்டம் முடிந்ததும் ரெத்தினத்தைத் தனியே கூப்பிட்டார்.

"மில்லுல வருஷம் முழுக்க வேலை தம்பி. நெல்லு அவிக்கிற எடத்துல நின்னு பாத்துக்கிட்டாப் போதும். மாசச் சம்பளம். ஆடுற வரைக்கும்தான் வேலை, அதையும் இப்பவே சொல்லிடுறேன். பின்னால பாய் ஏமாத்திட்டாருன்னு பேச்சு வரக் கூடாது பாரு."

"யோசிக்கிறேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தார் ரெத்தினம். தை மாதம் வரை யோசித்தார்.

தை மாதம் சம்பா அறுவடைக் கூலியில் தகராறு வந்தது. கேட்ட நெல்லைப் பண்ணைக்காரர்கள் தர மறுத்தார்கள். சங்கம் வேலைநிறுத்தம் சொன்னது. மறுநாளே வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிவந்து வயலில் இறக்கினார்கள். கூடவே போலீஸ் வேனும் வந்தது. தெரு மொத்தமும் வரப்பில் கொடியை நட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. யாரும் கை நீட்டக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது, உட்கார்ந்திருப்பதுதான் போராட்டம் என்று இராஜாங்கம் சொல்லியிருந்தார்.

ரெத்தினத்துக்கு அதுதான் முடியவில்லை. தன் கையால் நட்ட பயிரை வேறு ஆட்கள் அறுப்பதைப் பார்த்துக்கொண்டு, மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, எத்தனை நாள்? காளியம்மாள் வாயும் வயிறுமாக இருந்தார். இந்தத் தை முடிந்தால் அடுத்த தை இதேபோல வரும். ஒரு நாள் காலையில் கூட்டத்திலிருந்து எழுந்து நேரே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். இராஜாங்கம் பின்னாலேயே வந்தார்.

"வயலுக்கு வெளியாள் வந்தா கொடிய நட்டு மறிக்கிறோம். நீங்க ஆட்டத்துக்கு வெளியாளாப் போறீங்க. உங்கள எதைக் காட்டி மறிக்கிறது மச்சான்?"

"நான் யாரு வயித்துல அடிச்சேன் மாப்ள? ஆடத்தானே போறேன்."

"யாருக்கு எதிரா?"

பஸ் வந்துவிட்டது. ரெத்தினம் ஏறிக்கொண்டார்.

மில்லில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பாலும் முட்டையும் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் முதலாளி வீட்டுப் பிரியாணி. "சாப்பிடு, சாப்பிடு. ஒல்லியா இருந்தா ஹாஜா மைதீன் பட்டினி போடுறான்னு ஊரு சொல்லும்" என்று பக்கத்திலேயே நின்று பரிமாறச் சொல்வார் பாய். அவிக்கும் தொட்டிகளுக்கு நடுவே ஆவியில் நடந்துகொண்டே இருந்தார் ரெத்தினம். ஆட்டத்துக்கு இறங்கும்போது வழக்கம்போல வலது முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டார். இடது கால் பற்றி மில்லில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று பயம். ஊரில் காளியம்மாளிடம் ராமாயி, "ஒன் புருசன் பண்ணுனது நல்லால்ல" என்று வாசலில் நின்று சத்தம் போடுவார். போட்டுவிட்டு, கொண்டுவந்த மீன்குழம்பை வைத்துவிட்டுப் போவார்.

பங்குனியில் பாபநாசத்தில் பெரிய போட்டி. அறுப்பு முடிந்த வயலைச் சமன் செய்து களம் போட்டிருந்தார்கள். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிய கட்சிக்காரர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து, வெற்றிக் கோப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். அரையிறுதியில் மில்லுக்கு எதிராக வந்து நின்றது செங்கதிர். கூலித் தகராறு பாதி தோற்று பாதி ஜெயித்து முடிந்திருந்தது. எல்லாரும் இளைத்திருந்தார்கள்.

"இன்னைக்கு ஒரு ஆட்டம் மட்டும் என்னை விட்டுருங்க முதலாளி" என்றார் ரெத்தினம்.

"இந்தக் கோப்பைக்குத்தானேப்பா ஒன்னக் கூட்டியாந்தேன்?"

இறங்கியாக வேண்டும். எதிரே நிற்கும் ஏழு பேருக்கும் எந்தக் கால் என்று தெரியும். முதல் பிடியிலேயே இடது கணுக்காலில் விழுவார்கள், சில்லு போகும், அதோடு வேலையும் போகும். இதைத் தவிர வேறு எதையும் அவரால் நினைக்க முடியவில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டு முதல் தடவை பாடிப் போனார். அவர்கள் வலது காலில் விழுந்தார்கள்.

கட்டுப் போட்ட அந்தக் காலில், ஒன்றும் தெரியாதவர்கள்போல. அவர் உதறிவிட்டுத் திரும்பினார். அடுத்த தடவை இடுப்பைப் பிடித்தார்கள். அதற்கடுத்த தடவை மீண்டும் வலது கால். ஒரு முறை இடது கால் நாகநாதனின் கைக்கு அருகிலேயே வந்தது. அவர் பாய்ந்தார். "நாகா!" என்று இராஜாங்கம் ஒரு அதட்டல் போட்டார். நாகநாதனின் கை பாதியில் நின்றது. ரெத்தினம் அவரைத் தொட்டு வெளியே அனுப்பிவிட்டு வந்தார்.

கூட்டம் கத்தியது. "ஏய், புடிங்கடா! மச்சானுக்கு விருந்து வைக்கவா வந்தீங்க?"

"வெத்தல பாக்கும் வச்சு அனுப்புங்கய்யா!"

இடைவேளையில் மில் ஏகமாக முன்னால் இருந்தது. மில் ஆட்கள் முதுகில் தட்டினார்கள். ரெத்தினம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் களத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். செங்கதிர் ஆட்கள் திரும்பி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"காலு அவரோடது. சம்பளம் பாயோடது. நமக்கென்ன வந்துச்சு?" என்றார் நாகநாதன். "ஊரு காறித் துப்புது."

"துப்பட்டும். அந்தக் காலை ஒளிச்சு வச்சது நாம. நாம ஒளிச்சத நாமளே எடுத்துக் காட்டுறதா?"

"அவருதான் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரே!"

"அவரு விட்டாரு. நான் விடலயே" என்றார் இராஜாங்கம்.

ரெத்தினம் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பினார். உட்காரவில்லை. களத்தை ஒரு சுற்று சுற்றினார். ஊதல் ஊதியதும் நடுக்கோட்டுக்குப் போய் நின்று, குனிந்து, வலது முட்டிக் கட்டை அவிழ்த்தார். அதே துணியை இடது முட்டியில் இறுக்கிக் கட்டினார்.

"என்னய்யா, கட்டு கால் மாறுது?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்த வட்டாரத்துக் குழுக்கள் பாதிக்கு மேல் அங்கே இருந்தன. ஹாஜா மைதீன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். இராஜாங்கம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

ரெத்தினம் பாடிப் போனார். நேரே இராஜாங்கத்தின் பக்கம் போனார். இந்த முறை இராஜாங்கம் கணுக்காலைப் பிடித்தார், இடது கணுக்காலை. விடவில்லை. மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். முட்டி நழுவியது. பாட்டு நின்றது.

எல்லாரும் எழுந்த பிறகும் இராஜாங்கம் எழவில்லை. பிடித்திருந்த அதே காலை மெல்ல நீட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூச்ச இழுங்க மச்சான். கத்தாதீங்க, பொம்பளங்க பாக்குறாங்க."

"தள்ளுடா சீக்கிரம்" என்றார் ரெத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு. சில்லு உள்ளே போனது.

அவர் இல்லாத மில் குழுவைச் செங்கதிர் எட்டிப் பிடித்துத் தோற்கடித்தது. ஆட்டம் முடிந்ததும் ஹாஜா மைதீன் அவர் அருகில் வந்து நின்றார்.

"எந்தக் காலுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் சேந்து ஒளிச்சிருப்பேனேடா."

ரெத்தினம் மில் பெயர் போட்ட பனியனைக் கழற்றி நீட்டினார்.

"வச்சுக்க. ஆடுற வரைக்கும்னு அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க முதலாளி."

"அப்ப எம்மேல கோவமில்லையே?"

"இல்ல."

"எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் லாரிக்குப் போனார் பாய். கொஞ்ச நேரத்தில் டிரைவர் ரெத்தினத்தின் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செங்கதிர்க்காரர்கள் வந்த மாட்டுவண்டி புறப்படத் தயாராக நின்றது. இராஜாங்கம் வந்து பையை எடுத்தார்.

"டீம்ல இந்த வருசம் உங்களுக்கு எடமில்ல மச்சான். இப்பவே சொல்லிடுறேன். உங்களச் சேத்தா, நாளைக்கு வயலுக்கு வர்ற வெளியாள்கிட்ட நான் வாயத் தொறக்க முடியாது."

"நான் எடம் கேக்கலயே."

"வண்டியில எடமிருக்கு. ஏறுங்க."

"நடுவுல உக்கார வைங்கப்பா" என்றார் நாகநாதன். "ஓரமா விட்டா இவரு வழியிலேயே எறங்கி நடந்துருவாரு."

சிலர் சிரித்தார்கள். முன்பு சிரித்ததுபோல இல்லை.

வீட்டில் இறக்கிவிட்டபோது காளியம்மாளுக்குச் செய்தி முன்னாலேயே வந்திருந்தது. சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இடது காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார் ரெத்தினம். மடக்கிய வலது கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. காளியம்மாள் அதன்மேல் கையை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

"காலைல மொத பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் ரெத்தினம்.

"எங்க போவப் போறீங்க?"

"தெரியல. சும்மா கேட்டு வச்சேன்."