வருஷா வருஷம் செத்துப்போன தெல்மா

தெல்மா பக்கிள் முதல் தடவை செத்தது விஷம் வைத்த எலுமிச்சை கேக் தின்று. அடுத்த வருஷம் மாதா கோயில் மணிக்கயிறு கழுத்தை இறுக்கி. அதற்கப்புறம் காய்கறிப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பூசணி மண்டையில் விழுந்து, ஜாமில் யாரோ கலந்த தோட்டத்து விஷப்பூவால், பாதிரியாரின் தேனீக்கள் கொட்டி என்று அவள் சாகாத விதமில்லை.

எங்கள் கிராமமான நெதர் பாக்ஸ்டனில் நவம்பர் பிறந்தால் ஊர்க்கூடத்தில் துப்பறியும் நாடகம் நடக்கும். கூடத்துக் கூரை ஒழுகுவதை அடைக்கப் பணம் சேர்ப்பதற்காக ஆரம்பித்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது, நாடகமும் நின்றபாடில்லை. உருளைக்கிழங்கு மசியலும் சாசேஜும் தின்றுகொண்டே ஊர் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும். இடைவேளையில் ஒவ்வொரு மேஜைக்காரர்களும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசி, கொலைகாரன் யார் என்று தப்பாகச் சொல்வார்கள். சரியாகச் சொல்லிவிடும் மேஜைக்கு ஒரு புட்டி ஷெர்ரி ஒயின் உண்டு.

நாடகத்தை எழுதுவது மர்ஜரி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், ஊரை மேய்ப்பதில் மட்டும் ஓய்வு பெறாதவள். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கொலையும் கண்டுபிடிக்கும் கிராமத்து மாமிகளைப் பற்றிய நாவல்களை அலமாரி அலமாரியாகப் படித்தவள். அவள் நாடகத்திலும் அப்படியொரு மாமி உண்டு. பெயர் மிஸ் ஃபின்ச். போலீஸ் இன்ஸ்பெக்டர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க, மிஸ் ஃபின்ச் பின்னல் ஊசியை நீட்டிக் கொலைகாரனைக் காட்டிக்கொடுப்பாள்.

தெல்மாவும் அந்த நாவல்களை விடாமல் படிப்பவள்தான். தபால்தலையும் ரொட்டியும் விற்கிற ஊர்க்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பாள், மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுவாள். ஆனால் மேடை ஏறினால் வசனம் மனசில் நிற்காது. முதல் வருஷம் வேலைக்காரி வேஷத்தில் அவளுக்கு இரண்டே வசனம். இரண்டாவதை முதலில் சொல்லித் தொலைத்ததில், சூப் பரிமாறி முடிப்பதற்குள் கொலைகாரன் யார் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. அதற்கு அடுத்த வருஷம்தான் மர்ஜரி அவளுக்கு எலுமிச்சை கேக்கைக் கொடுத்தாள். பிணத்துக்கு வசனம் கிடையாது.

பிணமாக இருப்பதில் தெல்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தும்ம மாட்டாள், சிரிக்க மாட்டாள், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். இடைவேளையில்கூடப் பிணம் எழுந்திருக்கக் கூடாது என்பது மர்ஜரியின் சட்டம். நல்லவேளையாக அவள் விழுகிற இடத்தில் எப்போதும் ஓர் ஆட்டுத்தோல் விரித்திருக்கும். கூடத்துச் சாமான்களில் அதுவும் ஒன்று என்று தெல்மா நினைத்திருந்தாள்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது, அல்லது ஊருக்குத் தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வருஷம் முழுக்க அவள் காத்திருந்ததே அந்தச் சாவுக்காகத்தான்.

அவள் புருஷன் ரான் வெயில் வேண்டுமென்று ஸ்பெயினுக்குப் போனவன், போகும்போது நாய்களுக்கு முடி வெட்டுகிற ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. எங்கள் ஊரில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்வதும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் சில்லறையைக் கல்லாமேல் வைப்பார்கள், அவளும் மீதியைக் கல்லாமேல்தான் வைப்பாள். நாய்களைத் தடவுவார்கள், குதிரைகளைத் தடவுவார்கள். தெல்மாவை யார் தடவப்போகிறார்கள்? குளிர்கால மாலைகளில் கடையைப் பூட்டிவிட்டு மாடிக்குப் போய் ஒற்றைத் தட்டை எடுத்து வைக்கும்போது, தன் உடம்பு வெறும் கோட்டு மாட்டுகிற கம்பம் ஆகிவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றும்.

நவம்பரில் ஒரு நாள் மட்டும் நார்மன் ஆட்லி அவள் பக்கத்தில் மண்டியிடுவார்.

நார்மன் மலைச்சரிவில் ஆடு வளர்ப்பவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நீளமான மழைக்கோட்டு இருக்கிறது என்ற ஒரே தகுதியில் வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் ஆகிறவர். கண்ணை மூடிக் கிடக்கும் தெல்மாவுக்கு முதலில் மேடைப் பலகை கிறீச்சிடுவது கேட்கும். பிறகு அவருடைய இடது முட்டி சொடுக்கும். சோப்பும் ஆட்டு ரோமமும் கலந்த வாசனை வரும். இரண்டு விரல்கள் அவள் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்க்கும். அந்த விரல்கள் சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருக்கும். அவசரப்படாது. அப்புறம் தாழ்ந்த குரலில் "செத்துட்டாங்க" என்பார்.

பிணத்தின் நாடி அந்த ஓட்டம் ஓடினால் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமலா போகும் என்று அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் பயம். மறுநாள் அவர் கடைக்கு வந்து புதினா மிட்டாய் வாங்குவார்.

"மழை வரும்போல இருக்கு, தெல்மா."

"ஆமா, அப்படித்தான் இருக்கு, நார்மன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நவம்பர் வரைக்கும் அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு அவள் ஓட்டிவிடுவாள்.

இந்த வருஷம் செப்டம்பரில் மர்ஜரி கடைக்குள் நுழைந்தபோதே முகம் பளபளவென்று இருந்தது.

"தெல்மா, நல்ல சேதி. இந்த வருஷம் நீ சாக வேண்டாம்."

"ஏன்? போன வருஷம் சரியா சாகலையா?"

"பிரமாதமா செத்தே கண்ணு. அதுக்காக எத்தனை வருஷம் தரையில கிடப்பே? கமிட்டியில எல்லாரும் ஒரே குரலா சொல்லிட்டாங்க. மிஸ் ஃபின்ச் நீதான்."

தெல்மா படித்துக்கொண்டிருந்த நாவலை மூடினாள். "எனக்கு வசனம் நிக்காதே மர்ஜரி. சூப் கதையை மறந்துட்டியா?"

"அதை யாரு மறப்பா? பின்னல் பைக்குள்ள எழுதி ஒட்டிக்கோ."

"அப்ப பொணம்?"

"டாஃப்னி. லண்டன்லேர்ந்து வந்து பழைய மில் வீட்டை வாங்கினாளே, அவ. ஒல்லியா இருக்கா. அழகா சாவா."

எங்கள் ஊரில் ஒருவர் நல்லது செய்கிறேன் என்று வந்துவிட்டால் தப்ப முடியாது. வேண்டாம் என்பது மரியாதையில்லை, அதற்குக் காரணம் சொல்வது அதைவிட மோசம். 'நான் பிணமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அந்த மனுஷன் என் கையைப் பிடிக்க வேண்டும்' என்று எந்த வாயால் சொல்வது?

"ரொம்ப சந்தோஷம் மர்ஜரி" என்றாள் தெல்மா. மர்ஜரி போனதும் கடைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள்.

ஒத்திகைகளில் வசனம் உள்ள இடங்களை மட்டும்தான் பார்ப்பார்கள், பிணத்துக்கு ஒத்திகை ஏது? தெல்மாவும் நார்மனும் எதிரெதிரே நின்று பேசினார்கள். அவள் பைக்குள் பார்த்துப் பேசினாள், அவர் தன் பூட்ஸைப் பார்த்துப் பேசினார். வெளியே வந்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

நாடகத்தன்று டாஃப்னி பச்சைப் பட்டுச் சட்டையில் அழகாக அலறி, அழகாக விழுந்தாள். மிஸ் ஃபின்ச்சாகப் பின்னல் பையைக் கட்டிக்கொண்டு மேடையோரத்தில் நின்றாள் தெல்மா. இப்போது அவர் வருவார், முட்டி சொடுக்கும், அந்த இரண்டு விரலும் இன்னொருத்தி கைமேல் போகும், அதை இவள் நின்று பார்க்க வேண்டும். தன் வயதில் பாதி இருக்கும் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்து வயிறெரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

நார்மன் வந்தார். பிணத்துக்கு எட்டவே நின்றார். மண்டியிடவில்லை, குனியக்கூட இல்லை. வேலியோரம் கிடக்கும் பழைய டயரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்து, "செத்துட்டாங்க" என்றார்.

தெல்மா தன் அடுத்த வசனத்தை மறந்தே போனாள். பக்கத்தில் நின்ற பாதிரியார் அதைத் தன் வசனம்போலச் சொல்லிச் சமாளித்தார்.

இடைவேளையில் டாஃப்னி படுத்த வாக்கிலேயே உதட்டை அசைக்காமல் முனகினாள்: "தெல்மா, தரை ஐஸ் மாதிரி இருக்கு. ஆட்டுத்தோல் இருக்கும்னு சொன்னீங்களே?"

தெல்மா பார்த்தாள். வெறும் பலகை. சமையலறையில் கஸ்டர்டு கிண்டிக்கொண்டிருந்த மர்ஜரியிடம் போனாள்.

"மர்ஜரி, கூடத்து ஆட்டுத்தோல் எங்க?"

"கூடத்துக்கு ஏது ஆட்டுத்தோல்? இருக்கிற நாற்காலிக்கே கால் இல்ல."

"சரி, இன்ஸ்பெக்டர் ஏன் இந்த வருஷம் நாடி பார்க்கலை? அதை ஏன் எடுத்துட்டே?"

"நான் எழுதினாத்தானே எடுக்கறதுக்கு? வந்து பார்த்து, செத்துட்டாங்கன்னு சொல்லணும். வருஷா வருஷம் அவ்வளவுதான் எழுதறேன்." மர்ஜரி கரண்டியைக் கீழே வைத்தாள். "நாடி பார்க்கறது நார்மனோட சொந்தச் சரக்கு."

தெல்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாவல்ல மூணாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சிடறியே, இதுல எங்க போச்சு உன் மூளை?" என்றாள் மர்ஜரி. "உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த மனுஷன் முகம் எப்படி ஆகும் தெரியுமா? அந்த முகத்தைப் பார்க்கத்தான் பாதிப் பேர் டிக்கெட்டே வாங்கறாங்க. ஊருக்கே தெரியும். நீதான் கண்ணை மூடிட்டுக் கிடந்தே."

"ஒருத்தராவது எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"இதையெல்லாம் போய் யாரு சொல்லுவா? நல்லாவா இருக்கும்?" மர்ஜரிக்கு நிஜமாகவே திகைப்பு. "அதுக்குத்தான் உன்னை எழுப்பி அவருக்கு நேரா நிறுத்தினோம். நீயானா பைக்குள்ளயே பார்த்துட்டு நிக்கிறே!"

எத்தனை நவம்பர்கள்! அவர் அங்கே மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், இவள் பிணமாகவே கிடந்திருக்கிறாள். ஒற்றைத் தட்டு வைத்த அத்தனை மாலைகளும் தெல்மாவுக்கு நினைவு வந்தன. மலைச்சரிவு வீட்டிலும் அதே நேரத்தில் இன்னொரு ஒற்றைத் தட்டு இருந்திருக்கும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கடைசிக் காட்சி. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மிஸ் ஃபின்ச் ஊசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டி வர வேண்டும், கொலைகாரனான தோட்டக்காரன் முன் நிற்க வேண்டும். தெல்மா தோட்டக்காரனைத் தாண்டினாள். பாதிரியாரைத் தாண்டினாள். பின்னல் பையைக் கீழே வைத்துவிட்டு நார்மனுக்கு எதிரே நின்றாள்.

"இன்ஸ்பெக்டர், நாடி பார்க்காமலே இந்தப் பொண்ணு செத்துட்டான்னு எப்படிச் சொன்னீங்க?"

நார்மன் கழுத்திலிருந்து காது வரை சிவந்தார். பூட்ஸைப் பார்த்தார். பூட்ஸ் உதவிக்கு வரவில்லை.

"மத்தவங்களுக்கு நான் பார்க்கறதில்லைங்க" என்றார்.

கூடத்தில் யாரும் மெல்லவில்லை. நன்றாகப் பார்ப்பதற்காகப் பிணம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

தெல்மா சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டை நீட்டினாள். "அப்ப என்னோடதைப் பாருங்க."

அந்த இரண்டு விரல்களும் வந்தன. அதே சொரசொரப்பு, அதே வெதுவெதுப்பு.

"என்ன சொல்றீங்க, இன்ஸ்பெக்டர்?" அவள் குரல் உடைந்தது.

"உயிரோட இருக்காங்க" என்றார் நார்மன். அதே தாழ்ந்த குரல். "எப்பவுமே உயிரோடதான் இருந்தாங்க. இங்க ஓடற ஓட்டம் எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நான்தான் பொய் சொல்லிட்டு எழுந்து போனேன்."

கொலைகாரன் யார் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. ஷெர்ரி புட்டி சீல் உடைக்காமல் மேஜையிலேயே இருந்தது. தெல்மாவுக்கு அழுகை வந்தது, இத்தனை வருஷமும் சேர்ந்து வந்தது. கண் மறைத்தபோதெல்லாம் புறங்கையால் துடைத்துத் துடைத்து, ஊரெல்லாம் பார்த்து முடித்த அந்த முகத்தை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.