அத்தானைப் பற்றி நான் எழுதிய செய்தி

அக்காவின் கணவர் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டுத் திசையன்விளைக்குத் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்தார். பக்கத்தில் எங்காவது போர்வெல் போடும் சத்தம் கேட்டால் போதும், சாப்பிடுகிற தட்டை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய்க் குந்திக்கொள்வார். ஒருநாள் முருங்கைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது அவராகவே பேசினார். கண்ணிவெடியில் செத்துப்போன நண்பனைப் பற்றிச் சொன்னார். அரைமணி நேரம் சொன்னார்.

நான் வண்ணார்பேட்டையில் ஒரு நாளிதழின் நிருபர். தயங்கித்தான் கேட்டேன்.

“இதை எழுதட்டுமா அத்தான்?”

“எழுது மாப்ளே. எனக்கு மட்டுந்தான் இப்படி இருக்கான்னு தெரியணும்லா.”

பெயர் போடவில்லை; ஊரையும் பள்ளிக்கூடக் காவல் வேலையையும் மட்டும் குறிப்பிட்டிருந்தேன். பாளையங்கோட்டை மனநல மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் காலையில் பேப்பரைப் பார்த்தால், ‘வெடிக்கக் காத்திருக்கும் முன்னாள் வீரர்கள்’ என்று தலைப்பு. கூடவே, இருட்டில் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் படம். தலைப்பு நான் வைத்ததல்ல, அலுவலகத்தில் வைத்தது. ஆனால் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

“ஏலே, இந்த ஊர்ல பட்டாளத்துல இருந்து வந்து பள்ளிக்கூடத்துல நிக்கது வேற யாருலே? பிள்ளைகளக் கூட்டிட்டுப் போற பொம்பளைங்க அவரைப் பாத்து ஒதுங்கிப் போறாளுவ!” என்று அக்கா போனில் கத்தினாள்.

அந்த வாரமே, கொஞ்சநாள் ஓய்வெடுங்கள் என்று பள்ளியில் அத்தானை அனுப்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் செய்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“இந்த டாக்டர் பாளையங்கோட்டையில எங்கன இருக்காரு?”

நானே கூட்டிக்கொண்டு போனேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். போர்வெல் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவை மட்டும் சாத்துகிறார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அக்கா இன்னும் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்தால் மருந்துச் சீட்டைப் படமெடுத்து எனக்குத்தான் அனுப்புகிறாள். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். “நானும் பட்டாளத்துல இருந்தவந்தான் சார். என் கதையையும் எழுதுவீயளா?”

பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு மருத்துவரின் நம்பரை மட்டும் சொன்னேன். கூப்பிட்டவர் ஏமாந்துபோனது குரலிலேயே தெரிந்தது.