ஸ்ரீலக்ஷ்மி கேட்ட நான்கு நாள்

எதிர் ஃப்ளாட் ஸ்ரீலக்ஷ்மியைப் பற்றி எழுத வேண்டுமானால் அவள் கணவர் சுப்பராமனைப் பற்றியும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அதுவே எனக்கு எரிச்சல்.

மந்தைவெளிப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். மத்தியதரைக் கடலைக் கரும்பலகையில் பார்க்காமலே வரைவாள். நேரில் பார்த்தது திருவான்மியூர்க் கடல்தான். ஓய்வு பெற்றதும் ஒரே ஓர் ஆசை: நேப்பிள்ஸ் நகரத்தில் நான்கு நாள். கடலோரம் நடக்க வேண்டும், வெசூவியஸ் எரிமலை மேல் ஏறிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் உட்கார்ந்து, எந்த பஸ், எந்தத் தெரு என்று நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட்டாள்.

சுப்பராமன் அந்த நோட்டை வாங்கிப் பேனாவால் அடித்துத் தள்ளினார். எரிமலை வேண்டாம், மூட்டு வலி. படகு வேண்டாம், தலை சுற்றும். ஹோட்டல் வேண்டாம், அடுப்பு இருக்கிற வீடாகப் பார். மிஞ்சியது காலையில் உப்புமா, மதியம் ரசம் சாதம், இரவு தோசை.

"எந்த ஊரானா என்ன, வயித்துக்கு நம்மாத்துச் சாப்பாடுதானே ஒத்துக்கும்" என்று என் எதிரிலேயே ஏப்பம் விட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ ஏன் வாயை மூடிண்டிருக்கே?" என்று அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்தாவது கடல் தெரியுமோன்னோ, நீரஜா" என்றாள். அவள் மீதும் அருவருப்பு வந்தது. மறைப்பானேன்?

செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ராகுகாலம். அதனால் திங்கள் காலையிலேயே நல்ல நேரம் பார்த்து என் வீட்டில் பரஸ்தானம் வைத்தார்கள். அவள் புடவை ஒன்று, அவர் வேட்டி ஒன்று, கொஞ்சம் மஞ்சள், எல்லாம் ஒரு துணிப்பையில். பை வாசல் தாண்டியதுமே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். கிளம்பும்போது என்னிடம் வாங்கிக்கொண்டு அப்படியே போக வேண்டும், வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது.

செவ்வாய் மதியம் சுப்பராமன் வந்து கையை நீட்டினார். "பையைக் குடு நீரஜா. பயணம் கேன்சல். அசோக் நகர் அக்காவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன்னு போன் வந்தது. லக்ஷ்மி போய்ச் சமைச்சுப் போடணும்."

அவருடைய அந்த அக்கா வைதேகியின் வீட்டில் இரண்டு மருமகள்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் பின்னால் ஸ்ரீலக்ஷ்மி வந்து நின்றாள். கையில் பெட்டி. என்னிடமிருந்து பையை வாங்கினாள். உள்ளேயிருந்த வேட்டியை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"பரஸ்தானம் வெச்சாச்சோல்லியோ. நான் நேத்திக்கே கிளம்பியாச்சு" என்றாள்.

அவள் ஏறியதும் லிஃப்ட் கதவு மூடியது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. மனுஷர் அதிர்ந்துபோவார், கீழே ஓடுவார், போய்ட்டு வா என்றாவது கத்துவார் என்று பார்த்தேன்.

வேட்டியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நாலு நாள்தானே, நீரஜா. உங்காத்துல ரசம் எத்தனை மணிக்கு ஆகும்?"

கதவை அவர் முகத்திலேயே சாத்தினேன்.