கிணற்றைக் காப்பாற்றிய ஜே

1934 மார்ச் 12, திங்கட்கிழமை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி நான். காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்தேன். ஆறரைக்கு ஆபீஸ். மழைமானியில் ஒரு சொட்டும் இல்லை. அதையும் டைரியில் எழுதினேன். ஏழு மணிக்கு ரெங்கம் டவுனிலிருந்து தபால் வந்தது... அன்றைய ஒழுங்கு அதோடு சரி!

பக்கத்து எஸ்டேட்டின் கடிதம். எங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கிணறு அவர்கள் எல்லைக்குள் இருக்கிறதாம். நாளை எட்டு மணிக்குச் சர்வேயரோடு வந்து வேலி போடுவார்களாம். எல்லைக்கல்லைக் காட்டினால் விட்டுவிடுவார்களாம்.

கல்லா? அது பழைய வெள்ளத்தில் மண் மூடிப் போனது. எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. வேலி விழுந்தால் லயத்துப் பெண்கள் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும்.

பீரோவில் பழைய அளவைக் குறிப்பு கிடைத்தது. இன்னும் வெளியே நிற்கும் முதல் எல்லைக்கல்லிலிருந்து வடக்கே ஏழு சங்கிலி; ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி. வலப்பக்கம் திரும்பி எட்டு. மறுபடி வடக்கே எட்டு. அங்கே கல், அதன் எண்ணோடு. அப்படியே அளந்துகொண்டு போகலாமே என்கிறீர்களா? இரண்டு திருப்பங்களும் இப்போது தனித்தனிச் சதுப்புகளுக்குள், நடுவில் மட்டும் மேடு. சதுப்பில் இடுப்பளவு சேறு!

அப்போதுதான் ஃபேக்டரி எஞ்சின் டிரைவர் சுந்தரம் வந்தார். தபால் வழியாக மின்சாரம் படிப்பவர்.

"சேத்துல எதுக்கு எறங்கணும் கிராணியாரே? நேர்கோடு ஒண்ணு போதும்லா."

கலப்பெண் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரே எண்ணுக்குள் இரண்டு பங்கு. நேரே போகும் பங்கு சாதாரண எண். பக்கவாட்டில் போகும் பங்குக்கு 'ஜே' என்று ஓர் அடையாளம். ஜேயால் பெருக்கினால் செங்கோணமாக ஒரு திருப்பம். மின்னோட்டக் கணக்குக்காகப் பழகியதாம்.

"அது கரண்டுக்கு உள்ள கணக்காச்சே?" என்றேன்.

"கரண்டுக்கு ஒண்ணு, காட்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு இருக்கா என்ன?"

ஏழு, எட்டு ஜே, எட்டு. கூட்டினால் பதினைந்தும் எட்டு ஜேயும். அதன் நீளம் சரியாகப் பதினேழு சங்கிலி. வடக்கிலிருந்து விலகல் இருபத்தெட்டு டிகிரி. கோணல்மாணலான மூன்று நடை ஒரே கோடாகிவிட்டது! மூன்று முறை சரிபார்த்தேன். கீழே 'சரி' என்று கையெழுத்தும் போட்டேன்.

பத்து மணிக்குத் திசைகாட்டியும் சங்கிலியுமாகப் புறப்பட்டோம். கோடு போய் நின்ற இடம்... லயத்துச் செல்லம்மாவின் மரவள்ளித் தோட்டம். நான்கடி தோண்டினோம். கிழங்குதான் வந்தது.

"அலமாக்!" என்று மலாய்க்காரர்போல் அலறினார் செல்லம்மா. "கெணத்தக் காப்பாத்த வந்தீங்களா, எங்கெழங்கப் புடுங்க வந்தீங்களா?"

"கணக்குப்படி கல்லு இங்கதாம்மா இருக்கணும்."

"கெணறு அந்தப் பக்கம் இருக்கு. கல்லு மட்டும் இந்தப் பக்கம் நடந்து வந்துச்சா கிராணி?"

ஆட்கள் சிரித்தார்கள். சுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. தாளை மடியில் வைத்துப் பார்த்தவர், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எம்மேலதான் தப்பு. எங்க புத்தகத்துல ஜேன்னா எடப்பக்கம் திரும்புறது. கைப்பழக்கத்துல எழுதிட்டேன். குறிப்புல வலப்பக்கம்லா!"

இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டுமோ? நான் புதுத் தாள் தேடினேன். அவர் தேடவில்லை. ஜேக்கு முன்னால் இருந்த கூட்டலைக் கழித்தலாக்கினார். அவ்வளவுதான்! பதினேழு பதினேழாகவே இருந்தது, இருபத்தெட்டு இருபத்தெட்டாகவே. பக்கம் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிட்டது. அந்தக் கணக்கின் அழகை வியப்பதா, இத்தனை பேர் நடுவே தன் தவறைச் சத்தமாகச் சொன்ன மனிதரை வியப்பதா?

பிற்பகல் இரண்டு பத்துக்கு, ஒன்றரை அடி ஆழத்தில் மண்வெட்டி கணீரென்றது. குறிப்பில் இருந்த அதே எண் கல்லின் தலையில். கிணறு எங்கள் பக்கம், பதினோரு அடி உள்ளே! செல்லம்மா முந்தானையாலேயே கல்லைத் துடைத்தார்.

கூட்டல் சரியா என்று மூன்று முறை பார்த்தவன் நான். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, சர்வேயர் வருவதற்கு முன், முதல் வேலையாக மரவள்ளித் தோட்டத்துக் குழியை நானே மூடினேன். 'சரி' பார்த்தது செல்லம்மா.