அப்பாவின் நம்பர் போட்ட பிளாக்

வெர்னாவின் மூக்கு இரண்டு முறை உடைந்திருக்கிறது. இரண்டு முறையும் ‘இந்த இன்ஜின் பிளாக் தேறாது’ என்று சொன்னதற்காகத்தான். முதலில் உடைத்தவன் ஒரு வாடிக்கைக்காரன். அடுத்து, சொந்தத் தம்பி டுவேன்.

அமெரிக்காவின் டொலீடோவில் எங்கள் இன்ஜின் பட்டறைக்கு வரும் பழைய ரேஸ் கார்காரர்களுக்கு அவள் வாக்குதான் தீர்ப்பு. பிளாக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவாள். மணிபோல ஒலித்தால் சிலிண்டர்ச் சுவர்களின் கனத்தை மீட்டர் வைத்து அளப்பாள். சத்தம் செத்திருந்தால் விரிசல். பழைய இரும்புக்குப் போகவேண்டியதுதான். பக்கத்து மேசையில் வால்வு தேய்க்கும் நான் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஒரே ஒரு முறை இளகினாள்; கணவன் ராய் கெஞ்சியதால், சுவர் மெலிந்த ஒரு பிளாக்கை அவன் காருக்கு விட்டுக்கொடுத்தாள். ரேஸின் நடுவில் அந்தச் சுவர் பிளந்தது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய எண்ணெயில் டயர் வழுக்கி, கார் மதிலில் மோதி எரிந்தது. ராயை அடையாளம் காட்டியது அவனுடைய பெல்ட் பக்கிள்தான்.

போன வசந்தத்தில் டுவேன், செத்துப்போன அப்பாவின் 1969ஆம் வருடத்துக் காரிலிருந்து பிளாக்கைக் கழற்றிக் கொண்டுவந்தான். சிலிண்டர்களை அகலமாக்க ஏற்கெனவே இரண்டு முறை கடைந்தது; கடையக் கடையச் சுவர் மெலியும். இன்னொரு முறை கடைந்து, சனிக்கிழமை ரேஸுக்கு இன்னும் பவர் ஏற்றவேண்டுமாம்.

வெர்னா அளந்தாள். "அஞ்சாவது சிலிண்டர்ல, கடைஞ்சப்புறம் பத்து சென்ட் காசு கனம்தான் மிஞ்சும். புதுசா வார்த்த பிளாக் போடுடா. இதைத் துடைச்சு வீட்டுல வச்சுக்க."

"வேற பிளாக் போட்டா அது அப்பா காரே இல்லக்கா. கார் நம்பரும் பிளாக் நம்பரும் ஒண்ணா இருக்கணும்."

"நம்பரா உன்னைக் காப்பாத்தும்? ராயைப் போய்க் கேளு."

"ராய்க்கு ஓட்டத் தெரியல, செத்தான்."

அவள் கையிலிருந்த ஸ்பானர் அவன் தோளில் விழுந்தது. அவன் முஷ்டி அவள் மூக்கில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் என் மேசைவரை கேட்டது.

"நீ கடையலேன்னா போ. டேட்டன் ஊர்ல கடைய ஆள் இருக்கான்."

அது உண்மைதான், காசுக்கு எதையும் கடைபவர்கள் உண்டு.  வெர்னா ரத்தம் வடிய வடியப் பெரிய சம்மட்டியை எடுத்துவந்து ஐந்தாவது சிலிண்டரில் இறக்கினாள். வார்ப்பிரும்பு மண்சட்டிபோல விண்டது. டுவேன் அவள் முடியைப் பிடித்து இழுத்தான். முழங்கையால் அவன் வாயில் இடித்தாள். இரண்டு பற்கள் தரையில் உருண்டன. விலக்கப் போன எனக்கும் விலாவில் ஒன்று விழுந்தது. கடைசி அடியில் நம்பர் பொறித்த மூலை தனியே பெயர்ந்தது. அதை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இந்தா உன் அப்பா. இப்ப டேட்டனுக்குப் போ."

டுவேன் தரையில் உட்கார்ந்து, வாயில் ரத்தத்தோடு, அந்தத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவன் ரேஸில் ஓடவில்லை. பல் கட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது வெர்னாதான். வழியெல்லாம் அவனைத் திட்டினாள்; ஒரே ஐஸ் பொட்டலத்தை மூக்குக்கும் வாய்க்குமாக இருவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.